அருவியைத் தொட்டால் அழியும் பெயர்கள்

மசூது அண்ணாச்சி செல்போனில் ஒற்றை விரலால் ஏழாவது பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார். துபாயில் இருபது வருஷம் உழைத்துக் குற்றாலத்தில் லாட்ஜ் கட்டியவர். சீசனுக்குள் லாட்ஜுக்கு ஒரு செயலி வேண்டும் என்று தென்காசியில், அதை எழுதித் தருகிற இந்த மாடி ஆபீஸைப் பிடித்திருந்தார். வேலை முடிந்தது என்றதும் நேரில் வந்து, தானே அறை கேட்கிற ஆள்போல, குடும்பத்தில் பதினோரு பேரையும் வயதோடு நிரப்பத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் தாணு கல்யாண வீட்டு மாப்பிள்ளை கணக்காக நின்றான். சுவரோர நாற்காலியில் ஆனந்தவள்ளி, மடியில் லேப்டாப் பையோடு.

திரையின் தலையில் வரிசையாக நான்கு டேப்: அறை, சாப்பாடு, வண்டி, அருவி. நான்கையும் எழுதியவள் அவள்தான். கடையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கி வந்து மூன்று வாரம் எழுதினாள். மூத்தவனாயிற்றே என்று தாணு கேட்டதும் பார்க்கக் கொடுத்தாள். மறுநாள் மீட்டிங்கில் அந்தப் புரோகிராமின் தலையில் அவன் பெயர் இருந்தது. இவள் என்ன செய்தாள் என்று ஆபீஸ் முதலாளி கேட்டதற்கு, கலர் மாற்றிக் கொடுத்தாள் என்றான். அவன் டீம் லீட் ஆனான். அவளுடைய வேலை நிரந்தரமாவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. அன்று பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இவன் நாலு பேர் முன்னால் நாறணும் என்று ஊர் வந்து சேரும்வரை வேண்டிக்கொண்டாள்.

வேண்டுதலுக்கு வழி அவள் லேப்டாப்பிலேயே கிடந்தது. பலநாள் திருடன் ஒருநாள் அகப்படுவான் என்பார்கள். இவன் ஒருநாள் முந்தித் திருடி அகப்பட்டான். பக்கத்து டேப்புக்குப் போய்த் திரும்பினால் எழுதியது அப்படியே இருக்கும். நடுவில் உள்ளதைத் தாண்டி நான்காவதான அருவிக்குப் போனால் முதல் டேப்பில் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதும். தாணு வாங்கிப்போன அன்று ராத்திரிதான் அவள் அந்த வரியைக் கண்டுபிடித்துத் தன் பிரதியில் சேர்த்தாள். அவன் கையில் இருந்ததில் அது இல்லை. அறை, சாப்பாடு, திரும்ப அறை என்று தட்டிப் பார்த்துச் சரி என்று முடித்துவிட்டான். குற்றாலம் வருகிறவன் எவனும் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்காமல் அறை போடமாட்டான் என்பது, பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் அவன் புத்திக்கு எட்டவில்லை. அவளுக்கு எட்டியது. வாயைத் திறக்கவில்லை.

பதினோராவது பெயரை முடித்த அண்ணாச்சி, குற்றாலம் வருகிறவர்கள் வழக்கப்படி அருவி டேப்பைத் தொட்டார். ஐந்தருவியில் மிதமான தண்ணீர் என்று வந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அறைக்குத் திரும்பினார். ஒரு பெயரும் இல்லை.

தன் விரல்தான் எங்கேயோ பட்டுவிட்டது என்று நினைத்து, மனுஷன் முதலிலிருந்து மறுபடியும் பதினோரு பெயரையும் எழுதினார். மறுபடியும் அருவி. மறுபடியும் வெறும் கட்டங்கள். ஆனந்தவள்ளிக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. பாவத்தை விழுங்கிக்கொண்டாள்.

தாணு தன் லேப்டாப்பை இழுத்தான். புரோகிராமைத் திறந்து மேலும் கீழும் உருட்டினான். பிறகு ஆனந்தவள்ளி பக்கம் குனிந்து கிசுகிசுத்தான்.

"ஏட்டி, இது என்னன்னு கொஞ்சம் பாரேன்."

அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நீங்க எழுதுனதுல்லா அண்ணே. எனக்குக் கலர்தான மாத்தத் தெரியும்."

மூலையில் இருந்த முதலாளி நிமிர்ந்து, முதலில் அவளையும் பிறகு தாணுவையும் பார்த்தார்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. செல்போனைத் தாணுவின் கையில் வைத்தார்.

"வயசானவன் விரலு, தப்பாப் படுதுன்னு நெனச்சேன். இந்தா தம்பி, நான் சொல்லுதேன், நீ எழுது. துல்கர்னைன், வயசு நாப்பத்தொண்ணு."

தாணு எழுதினான். ஷரீபுன்னிசா எழுதினான். பரீது எழுதினான். வகுப்பில் வாய்ப்பாடு எழுதுகிறவன்போல ஒவ்வொன்றாகப் பதினொன்றும் எழுதினான்.

"ம், இப்பம் அருவியத் தொடு," என்றார் அண்ணாச்சி.

தாணுவின் கட்டைவிரல் திரைக்கு மேலே போய் நின்றது. ஆனந்தவள்ளி பையின் ஜிப்பை இறுகப் பிடித்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கீழே இறங்கவில்லை.