பின்னறைக்கு ஒரு போன்

ரெட்டியார்பாளையத்தில், பெரிய ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டுக்கு வைபை போட கோபிநாத் வந்தபோது, பெட்டியை எங்கே மாட்டுவது என்பதைச் சிந்துஜா முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருந்தாள். கூடத்தில், டிவி அலமாரிக்கு மேல். கேமராவும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். அங்கிருந்துதான் அப்பாவின் நாற்காலி நேராகத் தெரியும்.

அவள் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். இதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா ஆதிமூலத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கால் ஓரளவு தேறி, கோல் ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. பிறர் சொல்வதெல்லாம் அவருக்கு நன்றாகப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால், "தா... தா..." என்று ஒரே எழுத்துதான் வரும். அதைக் கேட்க அவருக்கே பிடிக்காமல், கொஞ்ச நாளில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

அவர் மனைவி கன்னியம்மாள் மூலக்குளத்தில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நடுவில் அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். பக்கவாதம் வந்த அன்றும் தனியாகத்தான் இருந்தார். பக்கத்து வீட்டு மணியம்மாள் கறிவேப்பிலை கேட்க வந்து எட்டிப் பார்க்கும் வரை, அவர் கூடத்துத் தரையில் விழுந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு சிந்துஜாவைத் தூங்கவிடவில்லை. செல்போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவர் இடது கட்டை விரலால் போனின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்து ஓய்ந்துவிடும். கடைசியில்தான் கேமரா என்று முடிவுக்கு வந்தாள்.

கோபிநாத் தெருக் கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, ஜன்னல் மூலையில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வேலை செய்துகொண்டே பேசுகிறவன். இந்தக் கனெக்‌ஷனோடு லேண்ட்லைன் நம்பரும் சேர்ந்தே வரும் என்றும், பெட்டியின் பின்னால் இருக்கும் ஓட்டையில் சாதாரண போனை மாட்டினால் இன்டர்நெட் வழியாகவே பேசலாம் என்றும் சொன்னான். கருவியை மட்டும் தனியாக வாங்க வேண்டும். அதெல்லாம் வேண்டாம், வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது என்றாள் சிந்துஜா.

நாற்காலியில் இருந்த ஆதிமூலம் கோலால் தரையைத் தட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் இடது கையை மடக்கிக் காதோரம் வைத்துக் காட்டினார். கட்டை விரல் காதில், சுண்டு விரல் வாயில்.

கன்னியம்மாள் அப்போது கோபிநாத்துக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். "போனை வாங்கி வச்சிக்கினு இன்னா பேசப் போற? சும்மா இரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்வது மாதிரிதான் சொன்னாள். அவர் கையை மடியில் இறக்கிக்கொண்டார்.

சிந்துஜா கேமராவை மாட்டிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினாள். மறுநாளிலிருந்தே அலமாரிக்கு மேலிருந்த கேமராவிலிருந்து அவள் குரல் கேட்க ஆரம்பித்தது. மாத்திரை போட்டியாப்பா, ஏன்பா இன்னும் சாப்பிடல, சாய்ஞ்சி உக்காருப்பா. எல்லாம் பாசத்தில் கேட்டதுதான். ஆனால் குரல் எப்போது வரும் என்று தெரியாது. லுங்கியைச் சரி செய்யும்போது வரும். மூக்கைச் சிந்தும்போது வரும். ஒவ்வொரு தடவையும் அவர் தோள் தூக்கிப் போடும்.

ஒரு வாரத்தில் அவர் பின்னறைக்கு இடம் மாறினார். அது அரிசி மூட்டை வைக்கிற அறை, யாரும் உட்கார்ந்து பழகாத இடம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரியும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். காலியான நாற்காலியைப் பார்த்துச் சிந்துஜா அம்மாவிடம் குறைப்பட்டாள். கன்னியம்மாள் அவரைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தாள். அவள் வேலைக்குப் போனதும் அவர் திரும்பவும் எழுந்து போனார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், தையல் கம்பெனி சூப்பர்வைசர் கன்னியம்மாளின் மிஷினுக்கே வந்து நின்றார். அவள் செல்லை எடுக்காததால் மகள் கம்பெனி போனுக்கு அடித்திருப்பதாகச் சொன்னார். சிந்துஜா அழுதுகொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாக அப்பாவைக் காணோம், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், கோல் தட்டும் சத்தம்கூட இல்லை, மணியம்மாள் ஆயாவும் ஊரில் இல்லையாம் என்றாள். கன்னியம்மாள் அப்படியே எழுந்தாள். பக்கத்து மிஷின் சரிதா பையை எடுத்துக் கையில் திணித்தாள். ஆட்டோவில் வரும்போது, அவர் அன்று கூடத்துத் தரையில் கிடந்த கோலம் அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கதவைத் திறந்தால் கூடத்தில் ஆளில்லை. பின்னறையிலும் இல்லை. பின்வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துண்டு மட்டும் இருந்தது. இடது கையால் லுங்கியைக் கல்லில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்பு நழுவி நழுவிப் போயிற்று. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூடத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கே தரையில் ஈரத்துணியால் துடைத்த சுவடுகூட இருந்தது. மகள் பார்க்கிற இடத்தில் அப்படி நடந்துவிட்டதென்று, அத்தனை தூரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே அலமாரிக்கு மேலிருந்து குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. "அம்மா, வந்துட்டியா? அப்பா எங்கம்மா?"

கன்னியம்மாள் கூடத்துக்குப் போனாள். கேமராவுக்கு முன்னால் நின்றாள். "இருக்காரு. குளிக்கிறாரு. நீ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, அதன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

அவரிடமிருந்து லுங்கியை வாங்கித் தானே அலசிப் போட்டாள். வேறு லுங்கி கட்டிவிட்டாள். சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முக்கால்வாசி சாப்பிட்ட பிறகுதான் கேட்டாள்.

"அன்னைக்கு அந்தத் தம்பிகிட்ட போனு கேட்டியே. நெஜமாவே வேணுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

சிந்துஜாவோடு பேசியதுதான் கஷ்டமாக இருந்தது. கேமராவைக் கழற்றிவிட்டேன் என்றதும் அவள் சண்டைக்கு வந்தாள். திரும்ப விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். கன்னியம்மாள் லுங்கி விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாள். வேறு வழியில்லாமல் சொன்னாள். பிறகு சிந்துஜா, "நான் கெட்டதுக்குப் பண்ணலம்மா. பயந்துட்டு பண்ணேன்" என்றாள். தெரியும்டி என்றாள் அம்மா. அவளுக்கும் அதே பயம்தான் இருந்தது.

கன்னியம்மாள் பெரிய பட்டன் வைத்த போன் ஒன்றை வாங்கினாள். கோபிநாத் மறுபடி வந்து, கூடத்துப் பெட்டியிலிருந்து சுவரோரமாக ஒயர் அடித்து, பின்னறை ஜன்னல் பக்கத்தில் அதை வைத்தான். போனிலிருந்து தன் செல்லுக்கு அடித்துப் பார்த்தான். கரண்ட் போனால் பெட்டியும் அணையும், போனும் செத்துவிடும் என்று எச்சரித்து, அதற்கென்று ஒரு சின்ன பேட்டரியையும் மாட்டினான். முதல் பட்டனை அழுத்தினால் கன்னியம்மாளுக்கும் இரண்டாவதை அழுத்தினால் சிந்துஜாவுக்கும் போகும்படி செய்து கொடுத்தான்.

பேச முடியாதவரோடு போனில் எப்படிப் பேசுவது என்று கன்னியம்மாள் யோசித்து வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் கூப்பிடுவாள். அவர் எடுத்து, விரலால் ரிசீவரில் ஒரு தட்டு தட்டினால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஏதாவது ஒன்று என்றால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும், டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு போன் போட்டாள். மூன்று நான்கு தடவை மணி அடித்தது. எடுக்கும் சத்தம் கேட்டது.

"அலோ, பார்சல் ஆபீஸ்."

கனத்த ஆண் குரல். தப்பான நம்பர் என்று நினைத்து, மன்னிச்சிக்குங்க என்று சொல்லிக் காதிலிருந்து எடுக்கப் போனாள். எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

முதலில் வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஆதிமூலம் இருபது வருஷம் ஒரு பார்சல் சர்வீஸில் இருந்தார். லாரி வந்ததா, பெட்டி எங்கே நிற்கிறது என்று கேட்கிறவர்களுக்கு போனில் பதில் சொல்வதுதான் அவர் வேலை. ஒரு நாளைக்கு நூறு தடவை ரிசீவரை எடுத்து அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்.

"இன்னாங்க" என்றாள் கன்னியம்மாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

அவருக்கும் வரவில்லை. வாய் எதற்கோ முண்டியது. "தா" என்றார். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பதறினாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பழைய சிரிப்பு, மூக்கால் சிரிப்பது. ரொம்ப நேரம் கழித்து, நினைவு வந்தவர் போல ரிசீவரில் ஒரு தட்டு தட்டினார்.

சரிதா என்ன ஆயிற்று என்று கேட்டாள். கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிந்துஜாவைக் கூப்பிட்டு, வீட்டு நம்பருக்கு இப்பவே ஒரு போன் போடு என்றாள். போட்டுப் பார்த்துவிட்டுச் சிந்துஜா திரும்பக் கூப்பிட்டபோது, இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பூர்ணிமாவிடம் கன்னியம்மாள் அவரை அழைத்துப் போனாள். பூர்ணிமா ஆச்சரியப்படவில்லை. யோசித்துப் பேசுகிற பேச்சு வேறு, பழக்கத்தில் தானாக வருகிற பேச்சு வேறு, முதலாவது போனாலும் இரண்டாவது சில பேருக்கு மிஞ்சியிருக்கும் என்று விளக்கினாள். முழுப் பேச்சும் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னாள். ஆனால் வருகிற வழியை மூடாதீர்கள், போனிலேயே பேசுங்கள் என்றாள்.

அவள் சொன்னபடிதான் நடந்தது. எதிரில் உட்கார்ந்து "அலோ" சொல்லு என்றால் அவருக்கு வராது. உதடு துடிக்கும், முகம் சிவக்கும், அவ்வளவுதான். மணி அடித்து ரிசீவர் காதுக்குப் போனால் வரும். எல்லா நாளும் வராது. வெறும் தட்டு மட்டும் கேட்கும் நாட்களும் உண்டு. கன்னியம்மாள் வீட்டில் இருக்கும்போதே, அடுப்படியில் நின்றுகொண்டு செல்லிலிருந்து பின்னறைக்குக் கூப்பிடுவாள். மழைக்காலம் முடிவதற்குள் "சொல்லு" வந்தது. அதற்குப் பிறகு "வச்சிடட்டா" வந்தது. அதுவும் பார்சல் ஆபீஸில் தினமும் சொன்னதுதான். ஒரு நாள் யாரோ தப்பான நம்பருக்கு அடித்து, லோடு வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். "வரல" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்திருக்கிறார். அந்த நேரம் முருங்கைக்கீரை கொண்டு வந்த மணியம்மாள் அதைக் கேட்டு, தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பொங்கலுக்குச் சிந்துஜா வந்தாள். வந்த அன்று அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஏதேதோ பேசிப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கூச்சம் இருந்தது. சாயங்காலம் அவர் பின்னறைக்குப் போய்விட்டார். அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் செல்லைக் கையில் வைத்திருந்தாள். அப்புறம் வீட்டு நம்பரை அழுத்தினாள். பின்னறையில் மணி அடித்தது.

"அலோ" என்றார். சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது, காதிலும் கேட்டது.

"நான்தாம்பா."

"சொல்லு."

என்ன சொல்வது என்று அவள் யோசித்து வரவில்லை. மேனேஜர் மாறிவிட்டதைச் சொன்னாள். ஹாஸ்டல் சாப்பாட்டைச் சொன்னாள். பிறகு குரலைத் தணித்து, அந்தக் கேமராவைப் பற்றிச் சொன்னாள். அவர் இல்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அவளோடு வேலை பார்க்கும் ஒருவனைப் பற்றியும் சொன்னாள். அதை அம்மாவிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. இடையிடையே நிறுத்தினாள். நிறுத்திய போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து "ம்" என்று வந்தது. அடுத்து, "சொல்லு."

அடுப்படியிலிருந்து கன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். மகள் சுவரில் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் ஓசைப்படாமல் வந்து, கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.