ஆளில்லாத காவல் கூண்டு

தகரப் பெட்டியை வாசலில் இறக்கிவைத்துவிட்டு அவன் சிரித்தான். "இனிமே எல்லைக்குப் போக வேண்டியதில்ல. என் இடத்துல மெஷின் வச்சுட்டாங்க. அதுவே பாக்கும், அதுவே சுடும்."

மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமான நாளிலிருந்து போன் மணி அடித்தாலே கெட்ட செய்தியோ என்றுதான் அவள் ஓடிவருவாள். "அந்த மெஷின் நல்லா இருக்கணும்," என்றாள்.

துணிக்கடை ஒன்றில் காவல் வேலை கிடைத்தது. ஆனாலும் சாப்பிடும்போது சில சமயம் அவனுக்கு எல்லை நினைவு வந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம், எதிர்க் கூண்டில் நின்ற சிப்பாய்க்கு இவர்கள் வைத்த பெயர் 'தொப்பை'. ஒருமுறை, இவர்கள் பக்கம் புதிதாக வந்த சிப்பாய் துப்பாக்கியைத் துடைக்கையில் கைதவறிச் சுட்டுவிட்டான். அந்தப் பக்கத்துத் துப்பாக்கிகள் மொத்தமும் இவர்களை நோக்கித் திரும்பின. இவன் வெறுங்கையோடு வெளியே வந்து, "தெரியாம வெடிச்சிடுச்சு!" என்று கத்தினான். தொப்பை கொஞ்ச நேரம் இவனையே உற்றுப் பார்த்தான். பிறகு, "அந்தப் பயலுக்கு ரெண்டு போடு!" என்று திரும்பக் கத்தினான். அவ்வளவுதான். இரு பக்கத்திலும் மேலிடத்துக்கு யாரும் மூச்சுவிடவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் தொலைக்காட்சி அலறியது. வேலியருகே நடமாட்டம் தெரிந்து மெஷின் சுட்டிருக்கிறது. எதிர்த்தரப்பில் மூன்று பேர் செத்துப்போனார்கள். வேலியைச் சரிசெய்ய வந்தவர்கள். "நம் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை," என்று செய்தி வாசித்தவர் பூரித்தார். மச்சினன் தேடிக்கொண்டு வந்தான். "இதான் சமயம் மாமா, உள்ள பூந்து அடிக்கணும். நம்மாளு யாரு சாகப் போறா?" தெருவே அப்படித்தான் பேசிக்கொண்டது.

"நல்லவேளை, நீங்க அங்க இல்ல," என்றாள் மனைவி.

"நான் இருந்திருந்தா சுட்டிருக்க மாட்டேன்."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதிலுக்கு அந்த நாட்டுக்காரர்களும் மெஷின்களைத்தான் அனுப்பினார்கள், பறக்கும் மெஷின்களை. எல்லையில் அடிப்பதற்கு ஆளே இல்லை. அதனால் அவை நிற்காமல் நேரே ஊருக்குள் வந்தன. முதலில் மின் நிலையம் போனது, பிறகு பாலம். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மகள் மேசைக்கடியில் படுத்துத் தூங்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு காலை சைரன் ஓய்ந்ததும், துவைத்துக் காயப்போட்டு மறந்த மகளின் பள்ளிச் சீருடையை எடுக்க அவன் மொட்டைமாடிக்கு ஏறினான். தெரு முழுக்கக் கொடிகளில் துணிகள் எடுப்பாரில்லாமல் நனைந்து கிடந்தன. எதிர்வீட்டு மாடிக்கு மேலே, கையகலத்தில் ஒரு மெஷின், முனகியபடி அந்தரத்தில் நின்றது. அவன் படியிலேயே உறைந்தான்.

காற்றில் சீருடையின் கை மெல்ல ஆடியது. மெஷின் அந்தப் பக்கம் திரும்பியது.