இடது பின்கதவு

ஜெபசிங் அண்ணாச்சியின் வெள்ளைக் கார் நான்காவது தடவையாக என் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்கு உள்ளூரப் பெருமைதான். தண்டையார்பேட்டையில் காருக்குச் சாமான் மாட்டுகிற கடை எத்தனையோ இருக்க, காலடிப்பேட்டையில் அரிசிக்கடை வைத்திருக்கிற மனிதர் இந்தக் கலீலுல்லாவைத் தேடி வருகிறார் என்றால் சும்மாவா? ஆனால் அன்றைக்கு அவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பாய், பின்கதவை உள்ள இருந்து தொறக்க முடியாதபடி பண்ணலாமா?”

நான் சிரித்துவிட்டேன். “இன்னா அண்ணாச்சி, பேரப்புள்ளைங்க வருதுங்களா?”

“ம்” என்றார்.

“அதுக்கு நான் ஒண்ணியும் மாட்ட வேணாம். சைல்டு லாக்கு எல்லா வண்டிலயும் கீது. பேஸ் மாடல்ல கம்பெனிக்காரன் உருவாம வுட்டது அது ஒண்ணுதான்.”

கதவைத் திறந்து, அதன் விளிம்பில் விரல்நுனி அளவுக்கு இருந்த நெம்புகோலை ஸ்க்ரூடிரைவரால் கீழே தள்ளினேன். வேலை அவ்வளவுதான். மூடிய பிறகு வெளியிலிருந்து இழுத்தால் திறக்கும். உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. “வலது பக்கமும்” என்றார். அதையும் தள்ளினேன். இதற்குப் போய் என்ன வாங்குவது, சும்மா போங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்குக் கார் கம்பெனிக்காரர்கள் மேல் தீராத கோபம். பேஸ் மாடல் என்று விலை குறைந்த ஒன்றை விற்பான். கதவுக்குள் கையை விட்டுப் பார்த்தால் பவர் விண்டோ மோட்டாருக்கான துளை இருக்கும், டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரும் வந்து நிற்கும், மோட்டார் மட்டும் இருக்காது. சுவிட்ச் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மூடியை வைத்து அடைத்திருப்பான். இல்லாதவனுக்கு இது போதும் என்று அவனே முடிவு பண்ணிவிடுகிற திமிர் அது. அந்த மூடிகளைப் பெயர்த்துப் போட்டு, டாப் மாடல் சாமானைக் கம்பெனிக்காரனே மிரளுகிற மாதிரி மாட்டிக் கொடுப்பதுதான் பத்தொன்பது வருடமாக என் தொழில். என் கைபட்ட வண்டியில் குறை என்று ஒருத்தர் திரும்பி வந்ததில்லை.

அண்ணாச்சி அந்த வண்டியை வாங்கியதே மனைவி செல்லக்கனி அக்காவுக்காகத்தான். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு ராயபுரத்தில் டயாலிசிஸ். ஆட்டோவின் குலுக்கல் தாங்கவில்லை என்று ஷோரூமில் இருந்ததிலேயே குறைந்த மாடலை எடுத்தார். முதல் மாதமே வந்தார். “பின்சீட்ல தலை சாய்க்க ஒண்ணுமில்ல, கழுத்து வலிக்குங்கா பாய்.” டாப் மாடல் சீட்டையே தேடிப் பிடித்து, தலை சாய்ப்போடு மாட்டினேன். அடுத்து, கன்டெய்னர் லாரிச் சத்தம் மண்டையைப் பிளக்கிறதாம். நாலு கதவையும் பிரித்து, உள்ளே சத்தம் அடக்குகிற ஷீட்டை ஒட்டி, சுற்றிலும் ரெட்டை ரப்பர் பீடிங் போட்டேன். பிறகு கண்ணாடி. அக்கா எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவார். ஊசி ஏற்றுகிற கையும் இடது கைதான். அதனால் கைப்பிடியைப் பிடித்துக் கண்ணாடியைச் சுற்ற முடியவில்லை. நாலு கதவுக்கும் மோட்டார் வைத்து, டிரைவர் கதவில் எல்லாக் கண்ணாடிக்கும் சுவிட்ச் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி, “இனிமே ஒரு குறையும் சொல்லமாட்டா” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அதைக் கேட்க எனக்கும் ஒரு மாதிரி தெம்பாக இருக்கும்.

ஒரே ஒரு பாக்கி இருந்தது. இடது பின்கதவின் சுவிட்சைச் சுற்றி வைக்கிற சட்டம் நிறம் மாறி வந்திருந்தது. அண்ணாச்சி நாலாவது தடவை வந்துபோன அன்று சாயங்காலமே சரியானது கைக்கு வந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் பைக்கை எடுத்துக்கொண்டு காலடிப்பேட்டைக்குப் போனேன். அவர்கள் கிளம்புவதற்குள் மாட்டிவிட்டால் வேலை சுத்தமாக முடிந்துவிடும்.

சட்டத்தை அழுத்தி மாட்டி முடிக்கும்போது அக்கா வாசற்படியில் நின்றிருந்தார். நைட்டி, தோளில் துண்டு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய தோற்றம் இல்லை. முகம் வீங்கியிருந்தது. இடது முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. “வண்டியப் பாரு கனி, பாய் நமக்காக வெள்ளனயே வந்திருக்காரு” என்றார் அண்ணாச்சி. அக்கா நகரவில்லை.

நான்தான் கூப்பிட்டேன். ஆமாம், நான்தான். “சும்மா ஒரு தபா குந்திப் பாருக்கா. கண்ணாடி வழுக்கிக்கினு போவும். கோடி ரூபா வண்டில கூட இப்டி இருக்காது.”

என் முகத்துக்காகத்தான் வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டு, வீட்டைப் பூட்டப் போனார். நான் சாவியைத் திருப்பிவிட்டதும், அக்கா பட்டனை அழுத்திக் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி முழுசாக இறக்கினார்.

“நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் எல்லாம் மாட்டுனதா?”

“நான்தாங்க்கா. இன்னும் இன்னா கொறைன்னாலும் சொல்லு.”

“கொற வண்டில இல்ல தம்பி” என்றார். குரலில் கோபமே இல்லை. “எனக்கு அங்க போவ வேண்டாம். நாலு வருசமாச்சு. போதும். நேராச் சொன்னா இவுக அழுதுருவாக. அதான் கழுத்து வலின்னேன், சத்தம்னேன். நீங்க ஒவ்வொண்ணாச் சரி பண்ணி அனுப்புதீக. முந்தாநாள் வேற சொல்ல ஒண்ணுமே இல்ல. டோல்கேட் சிக்னல்ல கதவைத் தொறந்து இறங்கி நடந்து வந்துட்டேன்.”

நேற்றுக் கடை வாசலில் நடந்தது ஞாபகம் வந்தது. பேரப்பிள்ளைகள். அண்ணாச்சி இறங்காமல் உட்கார்ந்திருந்தது. “வலது பக்கமும்” என்றது. அட அல்லாவே, என்ன காரியம் செய்துவிட்டு, பெரிய மனிதன் மாதிரி காசு வேண்டாம் என்று வேறு சொன்னேன்.

அண்ணாச்சி பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

“சரி, பாத்தாச்சு. நான் இறங்குதேன்” என்று அக்கா கைப்பிடியை இழுத்தார். டக். மறுபடி இழுத்தார். டக். என்னைப் பார்த்தார். “மாட்டிக்கிச்சு போல தம்பி.”

நான் கதவின் விளிம்பைப் பார்த்தேன். அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அந்தப் புடைத்த கையை ஜன்னல் வழியே வெளியே நீட்டி, கதவின் வெளிப்பக்கத்தில் கைப்பிடியைத் தடவித் தேடினார். விரல் எட்டவில்லை. நான் அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தேன். இழுத்தால் திறந்துவிடும்.

“பாய்” என்றார் அண்ணாச்சி. திரும்பாமல் பக்கவாட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “ஏழு மணிக்கு மிஷின்ல போடணும். ஏற்கெனவே ஒருநாள் தப்பிட்டு. ராத்திரி பூரா மூச்சு முட்டுனா. நீங்க பாக்கல.”

அப்புறம் அவருடைய கை டிரைவர் கதவின் சுவிட்சுக்குப் போனது.

கண்ணாடி ஏறியது. நான் சொன்ன மாதிரியே வழுக்கிக்கொண்டு, கொஞ்சமும் திக்காமல் ஏறியது. அக்கா முழங்கையை உள்ளே இழுத்தார், பிறகு மணிக்கட்டை, கடைசியில் விரல்களை. ரப்பர் பீடிங்கில் கண்ணாடி பொருந்தி நின்றது. உள்ளே அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். இரண்டு தடவை சொன்னார், இரண்டாவது தடவை கத்தினார் என்று நினைக்கிறேன். கழுத்து நரம்பு தெரிந்தது. வாய் அசைவதைப் பார்த்தேன். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.