மாறாத தொண்ணூற்றொன்று

விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவியின் வேலை எளியது. ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வகை வெளிச்சத்தை விரலுக்குள் அனுப்பும். மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். பிராணவாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் வெளிச்சத்தை வெவ்வேறு அளவில் விழுங்கும். அந்த வித்தியாசத்தை வைத்து, நூற்றுக்கு எத்தனை என்று ஓர் எண்ணைக் காட்டும். மலையில் மேலே போகப் போகக் காற்று மெலியும், எண் இறங்கும். யாருக்கும் விலக்கு இல்லை. அதனால்தான் மாப்பிள்ளையின் எண் என்னை உறுத்தியது.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவன். அதற்கு முன்பே என் நண்பன். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புகளுக்குப் பொறுப்பாளன். மூன்றாவது ஆள் பல் டாக்டர். நான் லிஃப்ட் மெக்கானிக். சனி, ஞாயிறு விடுமுறையில் மலையுச்சி ஏரியைப் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம். போன வருடம் இதே பாதையில் மாப்பிள்ளைக்கு நுரையீரலில் நீர் கோத்து, ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். மறுபடி அப்படி நீர் கோத்தால் பிழைப்பது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். யாருக்காவது எண் எழுபத்தைந்துக்குக் கீழே போனால் மூவரும் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் தங்கை அவனை என்னோடு அனுப்பினாள்.

எங்களுக்குள் இன்னொரு விதியும் உண்டு. எண் அதிகமுள்ளவன் அடுப்பும் கூடாரமும் இருக்கிற பொது மூட்டையைச் சுமக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு என்று நான்தான் கொண்டுவந்தேன்.

சனி மாலை எனக்கு எண்பத்தெட்டு, டாக்டருக்கு எண்பத்தேழு, மாப்பிள்ளைக்குத் தொண்ணூற்றொன்று. ஞாயிறு காலை நாங்கள் இருவரும் எண்பத்திரண்டு. அவன் அதே தொண்ணூற்றொன்று. மூட்டை அவன் முதுகைவிட்டு இறங்கவே இல்லை.

பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். டாக்டரும் இதில் கூட்டு என்று தோன்றியது, கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். “கருவி உன்னுது, கண்ணும் உன்னுது. சந்தேகம் மட்டும் எங்க மேலயா?”

பிறகு ஒன்று புரிந்தது. அளக்கும் நேரம் வந்தாலே மாப்பிள்ளை ஒண்ணுக்குப் போகப் பாறைக்குப் பின்னால் ஒதுங்குவான். காலையிலிருந்து அவன் குடித்தது அரை டம்ளர் தண்ணீர். பூனைபோல் பின்னால் போனேன். முழங்காலில் கை ஊன்றி, துருத்திபோல் ஊதிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடம் அப்படி மூச்சு வாங்கினால் எண் ஏறிவிடும். கொஞ்ச நேரம் நிற்கவும் செய்யும். கருவி பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தின் உண்மையைத்தான் சொன்னது.

நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் திரும்பி வந்ததும் விரலில் மாட்டினேன்: தொண்ணூற்றொன்று. கழற்றாமல், ரொட்டியின் மேல் வெடிப்பு எப்படி விழுகிறது என்று கேட்டேன். பேசுகிறவனால் ஊத முடியாது. மேல்தோல் இறுகுவதற்குள் உள்ளே ஆவி கிளம்புவதை அவன் ஆசையாக விளக்கினான். எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்து மூன்றில் தானாகவே நிறுத்தினான்.

“அந்த மேடு தாண்டினா ஏரி, மச்சான். அரை மணி நேரம்.”

“திரும்பலாம் மாப்ளே.”

“ஃபாக்டரில என் பேரு பார்சல். தெரியுமா? தூக்கிட்டு வந்தாங்கல்ல, அதான். ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்.”

டாக்டர் மேட்டைப் பார்த்தபடியே, ராத்திரி முழுக்க அவன் இருமியதைச் சொன்னார். என் தூக்கம் கெடும் என்று எழுப்பவில்லையாம்.

மூட்டையை இறக்கி என் தோளில் மாட்டினேன். பதினான்கு கிலோ. நுரையீரல் தத்தளிக்கிறவன் முதுகில் அதை ஏற்றியது என் விதி. இரண்டு நாளாகக் கைவீசி நடந்ததும் நான்தான்.

மூவரும் இறங்கினோம். ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை தானாகவே விரலை நீட்டினான். எண்பத்து நான்கு.

“ஊதல மச்சான்.”

சரி என்றேன். ஆனாலும் வழி நெடுக அவன் உதடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.