பீலெஃபெல்டின் ராகுகாலம்

2025 ஜூன் 21, சனிக்கிழமை. பீலெஃபெல்டில் சூரியன் காலை 5.08க்கு உதித்து, இரவு 9.48க்கு மறைந்தது.

பதினொரு மணிக்கு, நகரத்திலிருந்து நாற்பது நிமிடக் கார் ஓட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பேஸ்போல் மைதானத்தில், கவிஷன் செம்மண்ணைப் பல்லுள்ள வாரியால் சமப்படுத்திக்கொண்டிருந்தான். அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவன். புல் வெட்டுகிறவனும், சுண்ணாம்புக் கோடு போடுகிறவனும், கழிப்பறைப் பூட்டின் திறப்பைத் தேடித் திரிகிறவனும் அவனே. பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். ஜூன் முடிவதற்குள் ஐந்து வெற்றி வராவிட்டால் ஒப்பந்தம் நீடிக்காது என்று கழக நிர்வாகம் வைகாசியிலேயே எழுதிக் கொடுத்திருந்தது. நான்கு வந்திருந்தது. ஜூனில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு ஆட்டம்தான்.

முப்பத்தேழு வயதில் அவனுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் குந்தி நின்று, மண்ணில் துள்ளி வரும் பந்தை மறித்து எறிகிற ஷார்ட்ஸ்டாப்பாகப் பதினேழு வருடங்கள் விளையாடியவன். அதில் இரண்டு வருடம் அமெரிக்காவில், சம்பளத்துக்கு, ஆகக் கீழ்ப் பிரிவில். அணியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பும்போது நான்கு நிமிடம் பேசினார்கள். மிச்சம் முழுக்க ஜேர்மனியில். கிழமை நாட்களில் களஞ்சிய வேலை, சனி ஞாயிறில் ஆட்டம், இடது முழங்காலில் மூன்று சத்திரசிகிச்சை. கலியாண வீடுகளில் இன்னமும் யாராவது சோற்றுக் கோப்பையுடன் வந்து, "கிரிக்கெட் மாதிரித்தானே தம்பி? அப்ப ஏன் இலங்கை ரீமிலை சேரேல்லை?" என்று கேட்பார்கள். ஒருகாலத்தில் விளக்கம் சொன்னான். இப்போது "ஓம்" என்று சொல்லிவிட்டுப் பாயசம் எடுக்கப் போய்விடுவான்.

ஆட்டம் தொடங்க, ஓட்டங்களையும் பிழைகளையும் குறிக்கிற, உரிமம் பெற்ற கணக்கெழுத்தாளர் ஒருவர் மேசையில் இருக்கவேண்டும். அவரைக் கொண்டுவருவது சொந்த மைதானக்காரர்களின் பொறுப்பு. பயிற்சியாளர் எழுத முடியாது. கழகத்தில் உரிமம் இருந்தது இரண்டு பேருக்கு. பெட்றா விடுமுறையில் மயோர்க்காத் தீவுக்குப் போய்விட்டாள். மற்றவர் கவிஷனின் அப்பா செல்வரட்ணம்.

மகன் பதின்மூன்று வயதில் கழகத்தில் சேர்ந்தபோது, பெற்றோரும் ஏதாவது வேலை செய்யவேண்டும் என்றார்கள். அப்போது உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்வரட்ணத்துக்கு டொச் மொழி சரிவராது. பேசத் தேவையில்லாத வேலை என்று கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். இன்று அந்தப் பிரிவில் அவரைப்போலச் சுத்தமாக எழுதுகிறவர் கிடையாது. மகனுக்கும் சலுகை கிடையாது. கையில் பட்டு விலகிய ஒவ்வொரு பந்துக்கும் கவிஷனின் பெயருக்கு நேரே பிழை என்று குறித்தார். அமெரிக்காக்காரர்கள் ஆள் பார்க்க வந்த நாளில்கூட இரண்டு.

கவிஷன் தொலைபேசியை எடுத்தான்.

"அப்பா, எங்கை நிக்கிறியள்?"

"வீட்டு வாசலிலை. சப்பாத்தும் போட்டாச்சு."

"ஏன் இன்னும் வெளிக்கிடேல்லை?"

"ராகுகாலம், தம்பி. பதினொன்று இருபத்துமூண்டுக்குத்தான் முடியுது."

"சனிக்கிழமை பத்தரைக்கு முடியிறதெல்லோ!"

"அது யாழ்ப்பாணத்துக்கு. நீ போட்டுத் தந்த பஞ்சாங்கம் ஒன்பது பதினெட்டிலை தொடங்குதெண்டு காட்டுது."

கவிஷன் வாரியை மண்ணில் குத்தினான். போன தீபாவளிக்கு அவன்தான் அந்தச் செயலியை அப்பாவின் தொலைபேசியில் இறக்கிக் கொடுத்தான். யாழ்ப்பாணச் சூரியனை வைத்து ஜேர்மனியில் நேரம் பார்க்கிற கூத்து அவனுக்குப் பொறுக்கவில்லை. பார்க்கிறதென்றால் ஒழுங்காகப் பாருங்கள் என்று, அப்பா இருக்கிற பீலெஃபெல்டின் பெயரையும் அவனே அடித்து வைத்தான். மாரிக் குளிரில் பகல் எட்டு மணித்தியாலம். ராகுகாலமும் ஒரு மணித்தியாலத்தில் ஓடிப் போய்விட்டது. அப்பா திருந்திவிட்டார் என்று நினைத்தான். பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுக்கிற கணக்கு, ஜூன் மாதம் ஜேர்மனியில் என்ன செய்யும் என்று அவன் யோசிக்கவில்லை.

"ரெண்டு மணித்தியாலமோ அப்பா? ராகுவும் இஞ்சை ஓவர்டைம் செய்யிறாரோ?"

"பகிடி விடாதை. உன்ரை வேலை போற விசயம். அதுக்குத்தான் பாத்து வெளிக்கிடுறன்."

"அப்ப காலமை ஒன்பது மணிக்கு முதல் வெளிக்கிட்டிருக்கலாமே!"

"அவ்வளவு வெள்ளனை வந்து அங்கை ஆரோடை கதைக்கிறது?"

கவிஷன் தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடி வாரியை எடுத்தான். பதினொன்று முப்பதுக்கு அம்மாவுக்குத் தொலைபேசி அடித்தான். "இருபத்துமூண்டுக்கு வலது காலை வைச்சு இறங்கினவர்" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். பதினொன்று ஐம்பதுக்கு அப்பாவுக்கு அடித்தான். கார் ஓடும்போது அவர் எடுக்கமாட்டார், அதுவும் விதி. நெடுஞ்சாலையில் வீதித் திருத்தம், ஐந்து கிலோமீற்றருக்கு நெரிசல் என்று வானொலி சொன்னது.

பன்னிரண்டுக்கு நடுவர் வந்து மணிக்கூட்டைக் காட்டினார். அரை மணித்தியாலம் பொறுக்கலாம் என்றார். எதிரணிப் பயிற்சியாளர் மிகவும் மரியாதையாகத் தனக்கும் வருத்தம்தான் என்றார். ஒன்பது பேரும் பந்தை எறிந்து எறிந்து களைத்து நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருவன் அப்பிள் தின்றான். இன்றைக்கு வெல்லக்கூடிய அணிதான். அதை நினைக்க நினைக்கக் கவிஷனுக்கு முழங்கால் வலித்தது. சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் அதன் ஓரமாகவே மேலும் கீழும் நடந்தான்.

பன்னிரண்டு முப்பதுக்கு நடுவர் முகமூடியைப் பைக்குள் வைத்தார்.

செல்வரட்ணம் பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சேட்டு, கையில் பென்சில் பெட்டி, அடிமட்டம். மேசையில் புத்தகத்தை விரித்து, இரண்டு அணிகளின் பெயர்களையும் எழுதிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன், இன்னும் தொடங்கேல்லையோ?"

"முடிஞ்சுது."

நடுவர் குனிந்து விளக்கினார். செல்வரட்ணம் தலையாட்டிக் கேட்டார். அவருடைய காதுகள் சிவந்தன. நேரத்துக்குத் தொடங்காத ஆட்டத்தில் எதிரணிக்கு ஒன்பது ஓட்டம் கொடுக்கவேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்து, 0:9 என்று எழுதினார். பிறகு பென்சில் நுனி பிழைகளுக்கான கட்டத்தின் மேல் நின்றது.

"அதை என்ரை பேருக்குப் போடுங்கோ," என்றான் கவிஷன். "அந்தப் பஞ்சாங்கத்தை இறக்கித் தந்தது நான்தானே."

"விளையாடாத ஆட்டத்துக்குப் பிழை போடேலாது, தம்பி," என்றார் செல்வரட்ணம், மகனைப் பார்க்காமல். "விதி இருக்கு."

கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே கையொப்பம் வைத்தார். அவருக்குப் பின்னால், யாரும் மிதிக்காத செம்மண்ணில் வாரியின் கோடுகள் அப்படியே இருந்தன.

திங்கட்கிழமை காலை 9.40க்கு நிர்வாகத்தின் மின்னஞ்சல் வந்தது. கவிஷனின் ஒப்பந்தம் ஜூன் 30ஆம் திகதியுடன் முடிந்தது.