சீலாத் தலையும் மயில்மீனும்

சிலுவைத்துறையில் மயில்மீன் பிடிக்கப் போகிற படகில், பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தம்பதியை ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். கணவர் முன்பக்கம் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிடுவார், மனைவி பின்பக்கம். கோபத்தில் சிலருக்கு உடம்பு கொதிக்கும், சிலருக்குச் சில்லிட்டுப்போகும். ஒருவர் காலடியிலிருந்து சூடும் மற்றவர் காலடியிலிருந்து குளிரும் கடலில் பரவி, நடுவில் முட்டிக்கொள்ளும். முட்டுகிற இடத்தில் நுரையும் பாசியும் ஒதுங்கி ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைத் தேடிச் சின்னச் சாளை மீன்கள் வரும், சாளையைத் தேடி மயில்மீன் வரும்.

சூடும் குளிரும் மட்டும் இருந்தால் ஆகாது. நீவாடும் வேண்டும். நீரோட்டத்தைத்தான் அந்தக் கரையில் நீவாடு என்பார்கள். நியாயம் யார் பக்கம் இருக்கிறதோ அவரிடமிருந்து மற்றவரை நோக்கி அது ஓடும். ஓட்டம் இல்லாத தண்ணீரில் மயில்மீன் வந்து நிற்குமே தவிர வாயைத் திறக்காது.

படகுக்காரர் கித்தேரியானின் செல்போனில், கடலின் சூட்டைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டும் படம் தினமும் வரும். அதையும் அவர் பார்க்காமல் இல்லை. தெற்கே பெரிய சிவப்புத் திட்டு ஒன்று தெரிந்தால், அது வேறு ஊர்த் தம்பதியின் விவகாரம். அங்கே போய்த் தூண்டில் போடுவது மரியாதை இல்லை என்று படகைத் திருப்பிவிடுவார்.

சிலுவைத்துறையில் பெரும்பாலான சண்டைகள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. மதலேன் சண்டைதான் நின்று விளையாடியது. ஈஸ்டர் அன்று தன் தம்பி வருவான் என்று அவள் எடுத்து வைத்திருந்த பெரிய சீலா மீனின் தலையை, அவள் கணவர் பெலவேந்திரம் தூக்கித் தன் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்காமல் அங்கேயே உட்கார்ந்து அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டும் வந்தார். அன்றைக்கு நின்றது பேச்சு. மறுவாரமே கித்தேரியான் வந்து இருவரையும் படகுக்குக் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஊரே அந்தச் சண்டையைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியது. சீலா பிடிபட்ட நாளில் பக்கத்து வீட்டுக்காரி அதன் தலையை மதலேன் வாசல் வழியாகத் தூக்கிக் காட்டிக்கொண்டே போவாள். பங்குச்சாமி மன்னிப்பைப் பற்றிய பிரசங்கத்தை, இவர்கள் கோவிலுக்கு வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்த சமயம், ஒரு காலையில் பெலவேந்திரம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். அதைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தபோதுதான், மதலேனுக்குத் தன் கோபத்தைக் காணோம் என்று தெரிந்தது. அடுக்களையில் தேடினாள். பீரோவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். நேற்றுவரை இருந்த பொருள் எப்படிப் போகும் என்று தலையணை உறைகளையும் உதறிப் பார்த்தாள்.

அவளுக்கு அவரோடு பேச வேண்டும்போல இருந்தது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் யாரோ இருமுவது போலச் சத்தம் வருகிறது, எதிர்வீட்டுக் கோழி நம் வீட்டில்தான் முட்டையிடுகிறது, அதை அவர்களிடம் சொல்வதா வேண்டாமா. இப்படி எத்தனையோ சேர்ந்து கிடந்தன. யாரிடம் சொன்னாலும் அவரிடம் சொன்ன மாதிரி ஆகவில்லை. இப்போது நினைத்தால் அழுகை வந்தது.

ஆனால் மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து நல்லசிவம் வருகிறார். பம்ப்செட் செய்கிறவர். மயில்மீனைத் தூண்டிலில் பிடித்து, அளந்து, போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவதற்காக ஒவ்வொரு வருடமும் அவ்வளவு தூரம் வருகிறவர். கித்தேரியான் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கரையில் அப்போது வேறு சண்டையும் இல்லை. மதலேன் ஐஸ் கம்பெனிக்குப் போய் ஒரு கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டாள். காலையில் அதைப் புடவைக்குள் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படகேறினாள்.

கரை மறைந்ததும் கித்தேரியான் இரண்டு பக்கமும் தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்தார்.

"மைனி, ஒங்க பக்கம் அருமையா இருக்கு. இப்படி ஒரு குளிர நான் பாத்ததே இல்ல."

கோடு விழுந்தது. சாளை வந்தது. சாளைக்குக் கீழே மயில்மீன்கள் வந்து வரிசையாக நின்றன. நின்றுகொண்டே இருந்தன.

"ஏனுங்க, கடிக்கவே மாட்டேங்குதுங்களே?" என்றார் நல்லசிவம்.

கித்தேரியான் ஒரு ஆரஞ்சுத் தோலைத் தண்ணீரில் போட்டார். அது விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"நீவாடு இல்ல சார். கொஞ்சம் பொறுங்க." அவர் பின்பக்கம் வந்து மதலேன் அருகில் குந்தினார். "மைனி, அந்தத் தல எவ்வளவு பெருசு இருக்கும்?"

மதலேன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"அண்ணன் ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமதான குடுத்தாவ?"

"சொல்லாமத்தான்."

"கொழம்பு நல்லா இருந்துச்சின்னு வேற சொன்னாவளாமே?"

அவள் மனதார முயன்று பார்த்தாள். தலையின் கன்னத்துச் சதை நினைவுக்கு வந்தது, அதில் புளி ஊறியிருக்கும் விதம் நினைவுக்கு வந்தது. கோபம் வரவில்லை. பசி வந்தது.

அப்போது ஆரஞ்சுத் தோல் நகர ஆரம்பித்தது. எல்லோரும் பார்த்தார்கள். அது முன்பக்கமிருந்து மெல்லக் கிளம்பி, மதலேனை நோக்கி வந்தது. கித்தேரியான் எழுந்து வானத்தைப் பார்த்தார். நல்லசிவம் விவரம் தெரிந்த மனிதர். தன் தூண்டிலில் ஏதோ சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். பெலவேந்திரம் மட்டும் ஒன்றும் தெரியாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

தோல் வந்து மதலேனின் காலில் முட்டி நின்றது. நியாயம் அவர் பக்கம் போய்விட்டது. அவர் தலையைக் கொடுத்த தப்பு தப்புதான், அதில் மாற்றமில்லை, ஆனால் அது பழையது. கோபம் தீர்ந்த பிறகும் மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், காலில் ஐஸைக் கட்டிக்கொண்டு அவர் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பது புதியது. அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த முதுகைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

நீவாடு வந்துவிட்டதால் மீன் கடித்தது. நல்லசிவத்தின் தூண்டில் வில்லாக வளைந்தது. தூரத்தில் மயில்மீன் தண்ணீரை விட்டு எழும்பி முதுகுத் தோகையை விரித்தது. இந்தக் கடலில் இவ்வளவு பெரியதை அவர் பார்த்ததில்லை.

"வருதுங்க! வருதுங்க!"

மதலேன் கால்கட்டை அவிழ்ப்பதைக் கித்தேரியான் பார்த்துவிட்டார். ஐஸ் தண்ணீரில் விழுந்து மிதந்துபோனது.

"மைனி, வேண்டாம் மைனி. மீன் கிட்ட வார வரைக்கும் மட்டும். ஒங்களக் கும்புடுதேன்."

"ஏங்க," என்றாள் மதலேன் முன்பக்கம் பார்த்து. "சாயங்காலம் என்ன வைக்க?"

பெலவேந்திரம் திரும்பவில்லை. அவர் தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"சுண்ட வச்ச சாள இருக்குல்லா?"

"அது நேத்தே தீந்துட்டு."

"அப்ப ரசம் வையி."

"ஒங்களுக்குத் தொண்ட கட்டியிருக்கு. மொளவு கூடப் போடுதேன்."

நுரைக்கோடு அங்கங்கே அறுந்து கலைந்தது. சாளைகள் ஆளுக்கொரு பக்கம் போயின. நல்லசிவத்தின் தூண்டில் நரம்பு தொய்ந்தது. சுற்றி இழுத்துப் பார்த்தால் வெறும் கொக்கிதான் வந்தது. "போயிருச்சுங்க," என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

பெலவேந்திரம் எழுந்து நடுப்பலகையில் வந்து உட்கார்ந்தார். மதலேனும் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் பழக்கத்தில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் குழாய் இருமுவதிலிருந்து ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார்.

கித்தேரியான் படகைச் சுற்றித் தெர்மாமீட்டரை முக்கினார். எங்கும் ஒரே சூடு. தொழிலில் ஒழுங்கு உள்ளவர் என்பதால் அந்த இருவருக்கும் நடுவில் பலகைமேலும் பிடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் கொஞ்சம் சூடு, அந்தப் பக்கம் கொஞ்சம் குளிர்.

"இங்க கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மயில்மீன் விளிம்பைத் தாண்டி ஏறி வந்து, தோகையை மடக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவில் படுத்தது. நல்லசிவம் டேப்பை எடுத்து அளந்தார், போட்டோ எடுத்தார், வழக்கப்படி தூக்கிக் கடலில் விட்டார். அது திரும்ப ஏறி வந்து அதே இடத்தில் படுத்தது. கித்தேரியான் படகைக் கரைக்குத் திருப்பினார்.

ஷேர் ஆட்டோவில் மீனின் நீண்ட மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் டிரைவர் மெதுவாக ஓட்டினார். வீட்டில் பாயை விரித்ததும் அது நடுவில் படுத்துக்கொண்டது. மதலேன் ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு ரசத்துக்கு மிளகு தட்டினாள். அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா," என்றார். "அன்னிக்கு எம்மேலதான் தப்..."

மீனின் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. மதலேன் ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க. இருக்க மிச்சமும் தீந்துட்டுன்னா அது எங்க போய்ப் படுக்கும்?"

அவர் சொல்லவில்லை. அவள் அவருக்கு ரசம் ஊற்றினாள். மீனுக்குக் காரம் ஆகாது என்று அதற்கு மட்டும் மோர் ஊற்றினாள்.