பன்னிரண்டாம் பின்

உயிர் பிழைத்தால் போதும் என்றுதான் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தேவயானி வேண்டிக்கொண்டாள். அவள் கணவன் சுருளிராஜன் பிழைத்துக்கொண்டான். ஆனால் தொண்டைக் கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். கம்பத்துக்குத் திரும்பி எட்டு மாதம் ஆன பிறகுதான், தான் கேட்டது போதவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதை யாரிடம் சொல்வது? ஆளை எதிரிலேயே வைத்துக்கொண்டு அவன் குரலுக்கு ஏங்குகிறேன் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவன் அவன். தெருமுக்கில் பேசினால் வீட்டுக்குள் கேட்கும். இப்போது ஏதாவது வேண்டுமென்றால் கதவில் தட்டுகிறான். எழுதிக் காட்டவும் பொறுமையில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் ஒரு கருவியை டாக்டர் கொடுத்திருந்தார். அதிலிருந்து வந்த இரைச்சல் குரலை ஒரே ஒரு நாள் கேட்டான். பிறகு அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டான்.

தேவயானிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவள். ஆனது ஆகட்டும் என்று உள்ளங்கை அளவு சிறு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றும், அதன்மேல் பொருத்தும் தொடுதிரை ஒன்றும், ஸ்பீக்கருக்கு ஒரு சவுண்டு போர்டும் தருவித்தாள். திரையில் படங்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவன் குரலே பேசவேண்டும். தோட்டத்துப் பெண்களின் வாட்ஸப் குரூப்பில் மூன்று வருஷமாக அவன் போட்ட குரல் பதிவுகள் இருந்தன. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். தண்ணி, சோறு, வேணாம், வலிக்கிது என்று சொல் சொல்லாக வெட்டி எடுத்தாள். “எல்லாரும் அஞ்சரைக்கு மெட்டு ரோட்டு முக்குல நிக்கணும்” என்பதை மட்டும் வெட்ட மனமில்லாமல் முழுசாகவே வைத்துக்கொண்டாள்.

அத்தனை பதிவுகளிலும் அவள் தேடிய ஒரு சொல் கிடைக்கவில்லை. தனக்கு அவன் அனுப்பியதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டாள். ‘சாப்டுட்டுப் படு’, ‘மழை பெய்யிது, லேட்டாகும்’ என்றுதான் இருந்தன. தேவயானி என்று எதிலும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன், போனில் அதைச் சொல்லத் தேவையில்லை என்று விட்டிருக்கிறான்.

அந்த ஏக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். வேலையும் லேசில் முடியவில்லை. திரையை மட்டும் மாட்டினால் பளிச்சென்று எரிந்தது. சவுண்டு போர்டை மட்டும் மாட்டினால் குரல் சுத்தமாக வந்தது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் வம்பு. குரல் தொடங்கியதும் திரை மங்கி நடுங்கும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் குரல் பாதிச் சொல்லில் நின்றுவிடும். கரண்டு பற்றவில்லை என்று நினைத்துச் சார்ஜரை மாற்றினாள். மெமரி கார்டை அழித்து மறுபடி எல்லாவற்றையும் ஏற்றினாள். சவுண்டு போர்டே சொத்தை என்று வேறொன்றும் வாங்கிப் பார்த்தாள். பதினோரு நாள் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் போர்டைத் தொடவேயில்லை. ஒரு நோட்டை எடுத்து, போர்டில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும் நாற்பது பின்களையும் இரண்டு வரிசையாக வரைந்தாள். திரைக்குப் போகும் பின்களைச் சிவப்பில் சுழித்தாள், சவுண்டு போர்டுக்குப் போவதை நீலத்தில். திரைக்கு இருபதுக்கு மேல் சிவப்புச் சுழி விழும் என்று பயந்திருந்தாள், பத்துதான் விழுந்தது. கரண்டு, எர்த் பின்களை விட்டால் இரண்டு நிறமும் ஒரே இடத்தில்தான் மோதின. பன்னிரண்டாம் பின். திரை அதை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வைத்திருந்தது. சவுண்டு போர்டோ குரலின் தாளக்கணக்கை அதே பின்னில் வாங்கிக்கொண்டிருந்தது. சவுண்டு போர்டுக்கு அதை விட்டால் வேறு பின் இல்லை. திரைக்கு அப்படியில்லை, வெளிச்சம் கூடாமல் குறையாமல் ஒரே சீராக எரிந்தால் போதும்.

மீட்டரை வைத்து, திரையின் முதுகில் பன்னிரண்டாம் பின்னுக்குப் போகும் செம்புக் கோட்டைக் கண்டுபிடித்தாள். பிளேடு நுனியால் அதை அறுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகக் கரண்டு போக, முடி கனத்தில் ஒரு வயரைப் பற்றவைத்தாள். போர்டுக்கு உயிர் வந்ததும் தண்ணீர்ப் படத்தைத் தொட்டாள். திரை அசையாமல் எரிய, “தண்ணி” என்றான் சுருளிராஜன். கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அவன் அந்தப் பெட்டியை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ‘வேணாம்’ படத்தை நாலு தடவை தொட்டான். மறுநாள் ஜீப் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய், வேலை முடிந்து இறங்கிய பெண்களுக்கு முன்னால் ‘அஞ்சரைக்கு’ படத்தை அழுத்தியிருக்கிறான். சிரித்தவர்களும் உண்டு, முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தவர்களும் உண்டு என்று பாண்டீஸ்வரி வந்து சொன்னாள். பல வருஷமாக அவன் ஜீப்பில் போய்வந்தவள். கடைக்கு வந்தவள் தன் போனைத் தேவயானி கையில் வைத்தாள்.

“மதினி, இது குரூப்புல போட்டதில்ல. அண்ணே எனக்கு மட்டும் அனுப்புனாக. அழிக்காமக் கெடந்துச்சு.”

தேவயானி போனைக் காதில் வைத்தாள்.

“பாண்டீஸ்வரி, நாளைக்கு ஏ வண்டி வராது. மத்த ஜீப்புல ஏறிக்கங்க. தேவயானிக்குக் காச்சல் விடல. நா அவ பக்கத்துலதே இருக்கணும்.”

அந்தக் காய்ச்சல் அவளுக்கு நினைவிருந்தது. வண்டிக்கு ஏதோ கோளாறு என்று சொல்லித்தான் அன்று அவன் வீட்டில் இருந்தான். பாண்டீஸ்வரி போனதும் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்தப் பதிவைப் பெரிதாக்கி, ‘க்கு’ தொடங்கும் இடத்தைத் தேடிப்பிடித்து, தன் பேரை மட்டும் வெட்டி எடுத்தாள். முடிவு கொஞ்சம் வெட்டென்றுதான் நின்றது. அதற்குமேல் சரிசெய்ய வழியில்லை. திரையின் மூலையில் தன் போட்டோவை வைத்து அதோடு இணைத்தாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து கேட்டது.

“தேவயானி.”

கரண்டி கையிலேயே நின்றது. அடுப்பைக் குறைத்தாள். பதில் சொல்லவில்லை. சொன்னால் அவன் நிறுத்திவிடுவான்.

“தேவயானி.”

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது தடவையும் கேட்ட பிறகுதான் குரலைச் சரிசெய்துகொண்டு, “என்னங்க” என்றாள்.